நாலு பேர் சேர்ந்து ஒரு ராப் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கரூர் வட்டாரத்தில் சேர்ந்து ராப் பாட்டுப் போட நினைக்கிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். கணக்கு வரும் இடங்களில் எல்லாம் நிமிடத்துக்கு 90 தாள அடி ஓடுகிற பாட்டையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் பாட்டின் வேகம் வேறு என்றால் அதற்கேற்பக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ராப்புன்னாலும் ஹிப்ஹாப்புன்னாலும் ஒண்ணுதானுங்ளே?

ராப் என்பது தாளத்தின் மேல் சொல்லை அடுக்கிச் சொல்லும் முறை. ஹிப்ஹாப் அதைவிடப் பெரியது. ராப், டீஜே, பிரேக் டான்ஸ், சுவர் ஓவியம் எல்லாம் அதற்குள் அடக்கம். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தன் தங்கை நடத்திய விருந்தில் கூல் ஹெர்க் என்ற டீஜே இசைத்தட்டு ஓட்டிய நாளைத்தான் அதன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

தமிழில் இதைப் பரவலாக்கியதில் மலேசியத் தமிழர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. யோகி பி – நட்சத்ரா குழுவின் ஆல்பம் 2006-ல் வந்தது. கோவைக்காரரான ஆதி, ஜீவாவுடன் சேர்ந்து நடத்தும் ஹிப்ஹாப் தமிழாவின் முதல் ஆல்பம் 2012-ல் வந்தது. ஆகவே, நம்ம ஊர்ப் பேச்சுக்கு ராப் ஒத்துவருமா என்ற கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்துவிட்டது.

கொலாப்னா ஆளுக்கொரு பாட்டு எழுதி ஒட்டுறதுதானே?

அப்படி ஒட்டிய பாட்டுகள்தான் அதிகம் வருகின்றன, அவைதான் சீக்கிரம் மறந்தும் போகின்றன. சேர்ந்து செய்த பாட்டில் இரண்டாவது ஆள் முதல் ஆளைக் காதுகொடுத்துக் கேட்டிருப்பது தெரிய வேண்டும். அவர் கேட்ட கேள்விக்கு இவர் பதில் சொல்லலாம், மறுத்துப் பேசலாம், அதே தெருவை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. இரண்டு பேர் பகுதியையும் இடம் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். பொருள் கெடாமல் அப்படியே ஓடினால் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். இதைத் தவிர்க்க, எழுதுவதற்கு முன் ஒரே ஒரு வாக்கியத்தில் பாட்டின் பொருளை எல்லாரும் ஒத்துக்கொள்ளுங்கள். ‘ஊர்ப் பெருமை’ என்பது போதாது. ‘ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவனும் காலைப் பால் ஊற்றப் போகிறவளும் ஒரே டீக்கடையில் நிற்கிறார்கள்’ என்ற அளவுக்குக் குறிப்பாக இருந்தால் ஆளுக்கொரு பக்கம் தானாகக் கிடைத்துவிடும்.

‘16 பார் எழுதிட்டு வா’ன்றாங்க. பார்னா என்னங்?

தாள அடிகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினால் ஒரு பார். 90 வேகத்தில் ஒரு பார் 2.67 விநாடி. 16 பார் ஏறக்குறைய 43 விநாடி, 8 பார் 21 விநாடிக்கு மேல் கொஞ்சம். பெரும்பாலும் ஒரு வரி ஒரு பாரில் முடியும். அதனால் 16 பார் என்றால் 16 வரி என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

மொத்தம் எத்தனை பார் வரோணும்? யாரு முன்னால, யாரு பின்னால?

இரண்டு ராப்பர், ஹூக் (பல்லவி போலத் திரும்பத் திரும்ப வரும் பகுதி) பாட ஒருவர் என்றால் நன்றாக நிற்கும் அமைப்பு இது: முன்னிசை 4, ஹூக் 8, முதல் ஆள் 16, ஹூக் 8, இரண்டாம் ஆள் 16, ஹூக் 8, முடிப்பு 4. மொத்தம் 64 பார், அதாவது 2 நிமிடம் 51 விநாடி. மூன்றாவது ராப்பர் வந்தால் எல்லாருக்கும் 12 பாராகக் குறையுங்கள். நான்கு பேருக்கு 16 பார் வீதம் கொடுத்தால் மூன்றாவது ஆளிடம் கேட்பவர் கையை விட்டுவிடுவார்.

வரிசையைப் புகழ் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தெளிவாக நிதானமாகச் சொல்கிறவர் முதலில் வந்து இடத்தையும் ஆளையும் நிறுவட்டும், வேகமாக அடிக்கிறவர் பின்னால் வரட்டும். வேகக்காரர் முதலில் வந்துவிட்டால் அடுத்தவர் எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் பாட்டு சோர்ந்துவிட்டது போல இருக்கும்.

தமிழ் வரி நீளமாப் போயிடுது, பீட்டுக்குள்ள அடங்கவே மாட்டேங்குது. என்ன பண்றதுங்?

ஒரு பாரை 16 சிறு அடியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்யெழுத்து ஒட்டிய குறிலுக்கு 2 என்று வையுங்கள். யாப்பிலக்கண மாத்திரைக் கணக்கு இதற்குச் சற்று வேறுபடும். ராப்புக்கு இந்தக் கணக்கே கைகொடுக்கும். ‘தறி ஓட ஓட ஊர் தூங்காது’ என்ற வரியை எண்ணினால் 2, 3, 3, 2, 5 ஆக 15 வரும். மீதி 1 மூச்சுக்கு. இதோடு ‘கண்ணு’ என்று சேர்த்தால் 18 ஆகிவிடும். அந்த இடத்தில்தான் நாக்கு தட்டி அடுத்த பாரின் முதல் அடி நழுவுகிறது.

வரி நீண்டால் முதலில் வெட்ட வேண்டியது விகுதிகளையும் ‘வந்து’, ‘அப்புறம்’ போன்ற இட்டுநிரப்பல்களையும். பேச்சுத் தமிழ் இங்கே பெரிய வரம். ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு 10 சிறு அடி தேவைப்படும், ‘போறேன்’ 4-லேயே முடியும். எல்லா வரியையும் 16-க்கு நிரப்பவும் கூடாது. நான்கு வரிக்கு ஒரு முறையாவது 10, 11-ல் நிறுத்தி இடைவெளி விட்டால்தான் சொன்னது மனசில் இறங்கும்.

எதுகை மோனை போட்டா பழைய பாட்டு மாதிரி ஆயிடாதா?

ஆகாது. கடைசிச் சொல்லை மட்டும் ஒலிக்க வைப்பது இயைபு. புதிதாக எழுதுகிறவர்கள் அதோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாம் எழுத்து எதுகையை வரியின் நடுவிலும் வைத்தால் ஒரு பாருக்குள்ளேயே இரண்டு மூன்று இடத்தில் ஒலி மோதும். வேகமான ராப்பின் சுகமே அதுதான். ‘பட்டி – கட்டி – வெட்டி’ என்று ஒற்றெழுத்து வரும் சொற்கள் டிரம்ஸின் ஸ்நேர் (பளீரென்று விழும் அடி) மேல் விழும்படி வையுங்கள்.

சேர்ந்து பாடுகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று அந்தாதி. ஒருவர் முடித்த சொல்லில் அடுத்தவர் தொடங்குவது. முதல் ஆள் ‘தறி ஓட ஓட ஊர் தூங்காது’ என்று முடித்தால், இரண்டாம் ஆள் ‘தூங்காத கண்ணுல ஊர் விடியும்’ என்று எடுக்கலாம். இதுவும் 15 சிறு அடிதான். கைமாறும் இடம் காதுக்குத் தெரியும், இரண்டாம் கேள்வியில் சொன்ன ஒட்டுப்போட்ட உணர்வும் வராது. ஹூக் இடையில் வந்தாலும் பரவாயில்லை, ஹூக்கின் கடைசிச் சொல்லை அதே சொல்லாக வைத்துவிட்டால் சங்கிலி அறாது.

கொங்குத் தமிழ்ல பாடுனா மதுரைக்காரருக்கும் மெட்ராஸ்காரருக்கும் புரியுமா?

‘ஏனுங்க’, ‘போகோணும்’, ‘என்ற ஊடு’ எல்லாம் எல்லாருக்கும் புரியும். ‘ஒறம்பரை’, ‘அப்பிச்சி’, ‘நோம்பி’, ‘இட்டேரி’, ‘பொடனி’, ‘அட்டாலி’ வெளியூர்க்காரருக்குப் புதிது. அவற்றைத் தவிர்க்க வேண்டாம், பக்கத்திலேயே பொருள் காட்டும் இன்னொரு சொல்லை வையுங்கள். ‘நோம்பி’யோடு கம்பமோ பூவோடோ வந்தால் அது திருவிழா என்று யாருக்கும் விளங்கும்.

தவறு நடப்பது வேறிடத்தில். வீட்டில் பேசாத கொங்குத் தமிழைப் பாட்டுக்காகப் போட்டுக்கொள்வது. ஒவ்வொரு வரிக்கும் ‘ங்க’ ஒட்டினால் அது மரியாதையாகக் கேட்காது, சினிமா நகைச்சுவைக்காரர் பேசுவது போல ஆகிவிடும். கோபமான வரியில் ‘ங்க’ வருவதே இல்லையே! பெரியவரிடம் பேசும் வரியில் வரட்டும், சிநேகிதனிடம் பேசும் வரியில் போகட்டும். திருப்பூரில் வளர்ந்த வெளிமாவட்டத்துக்காரர் பாடினால் அவர் தன் வீட்டுத் தமிழிலேயே பாடட்டும். அந்த ஊரின் உண்மையான குரல் அப்படித்தான் கலந்திருக்கிறது.

பீட் யாரு போடறது? யூடியூப்ல ‘ஃப்ரீ’ன்னு இருக்கறதை எடுத்துக்கலாங்ளா?

பழகுவதற்கு எடுத்துக்கொள்ளலாம். வெளியிடுவதற்கு முன் அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கும் நிபந்தனையைப் படியுங்கள். ‘ஃப்ரீ’ என்றால் பெரும்பாலும் காசு வராத பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம் என்று பொருள். விற்பனைக்குள்ளவற்றில் குத்தகை, முழு உரிமை என்று இரண்டு வகை. குத்தகைக்கு எடுத்தால் அதே பீட்டை இன்னும் நூறு பேர் எடுத்திருக்கலாம். எத்தனை முறை ஓடலாம், வீடியோ போடலாமா, மேடையில் பாடலாமா என்பதற்கும் வரம்பு இருக்கும்.

முடிந்தால் கூட்டாளியாக ஒரு பீட் போடுகிறவரையே சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் முதல் நாளிலிருந்து கூட இருந்தால் உங்கள் குரல் வரும் இடத்தில் இசையைக் குறைத்து, மூச்சு விடும் இடத்தில் டிரம்ஸை உருட்டித் தருவார். வாங்கிய பீட் இதைச் செய்யாது.

ஜமாப்பு மேளம், பறை வெச்சுப் பண்ணோணும்னு ஆசை. எப்படி ரெகார்ட் பண்றதுங்?

அறைக்குள் வேண்டாம். சுவர் எதிரொலித்து எல்லா அடியும் ஒன்றாகக் குழம்பிவிடும். தோட்டத்துக் களமோ தென்னந்தோப்போ நல்லது. டைனமிக் வகை மைக்கை 2, 3 மீட்டர் தள்ளி வையுங்கள். உச்ச அடி விழும்போது அளவுமானி மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. ஒத்திகையில் அடிப்பதைவிட உண்மையான டேக்கில் கலைஞர்கள் பலமாக அடிப்பார்கள், அதற்கு இடம் விட்டே வையுங்கள். உச்சத்தில் நறுக்கப்பட்ட ஒலியை எந்த மென்பொருளும் முழுசாக மீட்டுத் தராது.

பறையின் தோல் ஈரக்காற்றில் தளரும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் தீயில் காய்ச்ச நேரம் ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் முதல் டேக்கும் ஐந்தாவது டேக்கும் வெவ்வேறு சுதியில் இருக்கும், வெட்டி ஒட்ட முடியாது. அடிக்குச்சியின் ஆழமான ஒலியும் சிண்டுக்குச்சியின் கீச்சொலியும் தனித்தனியாக வேண்டுமென்றால் தனித்தனியாகவும் ஒரு முறை அடிக்கச் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். குழுவாக அடிக்கும்போது வேகம் ஏறிக்கொண்டே போவது இயல்பு. அது அந்தக் கலையின் உயிர். அடியைத் தொடங்கி நடத்துகிறவருக்கு மட்டும் ஒரு காதில் கிளிக் (வேகம் காட்டும் ‘டிக் டிக்’ ஒலி) கொடுத்து, 30 விநாடித் துண்டுகளாக எடுத்தால் இரண்டும் கெடாது.

அவர்களுக்கான சம்பளத்தைப் பாட்டு ஓடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே கொடுங்கள், ஒவ்வொருவர் பெயரையும் எழுதி வாங்குங்கள். ‘நாட்டுப்புறக் கலைஞர்கள்’ என்று பொதுவாகப் போட்டு முடிப்பது சரியில்லை. உங்கள் பெயர் போலத்தான் அவர்கள் பெயரும்.

கும்மி அடியை ராப் பீட்டுக்குள்ள கொண்டுவர முடியுங்ளா? எப்பப் போட்டாலும் முட்டிக்குது.

முட்டுவதற்குக் காரணம் நடை. கும்மி பெரும்பாலும் ‘தகிட தகிட’ என்று மூன்று மூன்றாக நடக்கும், ராப் பீட் ‘தகதிமி’ என்று நான்கு நான்காக நடக்கும். 90 வேகத்தில் ஒரு பாருக்கு 12 சிறு அடி வரும்படி மென்பொருளின் கட்டத்தை மும்மையாக மாற்றிக்கொண்டு, கும்மியின் கைத்தட்டு 1, 2, 3, 4-ல் விழும்படி வையுங்கள். கிக் என்ற கனத்த அடியும் ஸ்நேரும் இரண்டு நடைக்கும் பொதுவான இடத்தில் இருக்கின்றன, அவை மாற வேண்டியதில்லை. மாற வேண்டியது ‘டிக் டிக்’ என்று ஓடும் தாளத்தட்டான ஹை-ஹாட் ஒன்றுதான். ஹூக்கில் அதை மும்மையாகவும் ராப்பில் நான்மையாகவும் ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால்தான் முட்டும்.

ஹூக்கைப் பாட உண்மையாகக் கும்மி ஆடும் குழுவையே அழையுங்கள். வள்ளி ஒயில் கும்மிக்காகக் கோவை மாவட்டத்துக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட பிறகு வெளியூரிலும் அந்தப் பெயர் தெரிகிறது. ஆசானிடம் கேட்டு, எந்த அடியை எடுக்கிறோம் என்று சொல்லிச் செய்வதே முறை.

சோமனூர்ப் பக்கம், எந்நேரமும் தறி ஓடுது. அந்தச் சத்தத்தையே பீட்டாப் போட்டா?

அருமையாக வரும். 15 விநாடியில் எத்தனை அடி விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 35 விழுந்தால் 140. அந்த வேகத்துக்கே பீட்டை அமைத்து, பாதி வேகமான 70-ல் பாடலாம். ஆனால் தறியை அப்படியே நீளமாக ஓடவிட்டால் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது வேகம் நழுவும். நல்ல அடி நான்கைந்தை வெட்டியெடுத்துக் கட்டத்தில் வையுங்கள். பின்னணியில் மெலிதாக முழுச் சத்தத்தையும் போட்டால் இடமும் கண்முன் வரும்.

ஸ்டுடியோவுக்குக் காசு இல்லீங். வீட்டுலயே வாய்ஸ் எடுக்கலாமா?

எடுக்கலாம். துணி நிறைந்த பீரோவும் கட்டில் மெத்தையும் உள்ள சின்ன அறையே போதும். பவானி ஜமக்காளமோ கனமான சென்னிமலைப் போர்வையோ இருந்தால் சுவரை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளித் தொங்கவிடுங்கள். ஒட்டிப் போட்டதைவிட அந்த இடைவெளி கூடுதலாக ஒலியை உறிஞ்சும். பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுவதுதான் முதல் வேலை, ஏனென்றால் மைக் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். ஃபேன், இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் மூன்றையும் நிறுத்துங்கள். பக்கத்தில் தறி ஓடினால் கண்டென்ஸர் மைக்கைவிட டைனமிக் மைக் நல்லது.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். ‘ப’ வரும் சொல்லில் காற்று மோதினால் மைக்கைச் சற்றே கடைவாய்ப் பக்கம் தள்ளி வையுங்கள். முழுப் பகுதியையும் மூன்று முறை பாடி எடுங்கள், பிறகு கடைசிச் சொற்களை மட்டும் இரட்டிப்பாக ஒரு டிராக், இடைக்குரல்களுக்கு இன்னொரு டிராக். பீட்டை இயர்போனில் மட்டும் கேளுங்கள். ஸ்பீக்கரில் ஓடினால் குரலோடு அதுவும் பதிந்துவிடும், பிறகு பிரிப்பது கஷ்டம்.

நான் பொள்ளாச்சி, அவன் துபாய். அவன் அனுப்புற வாய்ஸ் பீட்டுல ஒட்டவே மாட்டேங்குது.

முக்கால்வாசி நேரம் காரணம் மூன்றில் ஒன்று. முதலாவது, அவர் பாடும் இடத்திலிருந்து மட்டும் வெட்டி அனுப்பியிருப்பார். முன்னால் மௌனமாக இருந்தாலும் முதல் பாரிலிருந்தே ஃபைல் தொடங்க வேண்டும். இரண்டாவது, எம்பி3-ஆக மாற்றியிருப்பார். அந்த வடிவம் தொடக்கத்தில் 25 மில்லி விநாடி போலத் தாமதத்தைச் சேர்த்துவிடும், வேகமான ராப்பில் அது தெரியும். மூன்றாவது, ஒருவர் 44.1, இன்னொருவர் 48 கிலோஹெர்ட்ஸில் வைத்திருப்பார். மென்பொருள் கவனிக்காமல் விட்டால் குரல் 8 சதவீதத்துக்கு மேல் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும், சுதியும் ஏறக்குறைய முக்கால் கட்டை மாறும்.

முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ, வேவ் ஃபைல். நிமிடத்துக்கு 8.6 எம்பி ஆகும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், ஆடியோவாக அனுப்பினால் சுருக்கிவிடும். எஃபெக்ட் எதுவும் போடாத ஃபைல் ஒன்று, அவர் விரும்பும் எஃபெக்ட்டோடு மாதிரிக்கு ஒன்று. ஃபைல் பெயரிலேயே பாட்டு, வேகம், ஆள், லீடா இரட்டிப்பா என்று எழுதட்டும். ‘ஃபைனல் நியூ 2’ என்று நாலு ஃபைல் வந்தால் தவறானதுதான் பாட்டில் ஏறும்.

என்ற வாய்ஸ் சின்னதாவும் அவன் வாய்ஸ் பெருசாவும் கேக்குதுங்.

வெவ்வேறு அறை, வெவ்வேறு மைக். அதனால் ஒலி அளவைக் கூட்டினால் மட்டும் சரியாகாது. இருவர் குரலிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அடங்கிக் கேட்கும் குரலில் 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், தெளிவு தானாக வரும். பிறகு இருவரையும் ஒரே சிறிய ரிவெர்ப் (அறை எதிரொலி சேர்க்கும் எஃபெக்ட்) வழியாக அனுப்புங்கள். ஒரே அறையில் நிற்பது போல ஆகிவிடும். மிக்ஸிங்கைப் பாடிய இருவரில் ஒருவர் செய்வதாக இருந்தால் கடைசியாக மூன்றாம் ஆள் ஒருவர் கேட்க வேண்டும். தன் குரலைக் கூட்டி வைக்காத ஆள் அபூர்வம்.

ஹெட்போன்ல பேஸ் அதிருது, போன்ல போட்டா ஒண்ணுமே கேக்கலீங்.

போனின் சின்ன ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸை ஒலிக்க முடியாது. பேஸ் மேல் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றே கரகரக்க வைக்கும் எஃபெக்ட்) போட்டால் 100, 150, 200 ஹெர்ட்ஸில் கிளை ஒலிகள் பிறக்கும். அவற்றைக் கேட்டே காது அடி ஒலியை ஊகித்துக்கொள்ளும்.

நம்ம பக்கம் இன்னொரு சோதனைக்கூடம் இருக்கிறது: தனியார் டவுன் பஸ். நடத்துநரிடம் கேட்டு ஒரு டிரிப்பில் ஓடவிடுங்கள். என்ஜின் சத்தத்தை மீறி வார்த்தை புரிந்தால் மிக்ஸ் தேறிவிட்டது.

சவுண்டை எச்சா வெச்சு மாஸ்டர் பண்ணோணுங்ளா?

வேண்டாம். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) வரை குறைத்துத்தான் ஓட்டும். நசுக்கி ஏற்றிய பாட்டு அங்கே சோர்ந்துதான் கேட்கும். உச்சத்தை மைனஸ் 1 டெசிபெல்லில் நிறுத்துங்கள்.

எல்லாம் சிநேகிதக்காரங்கதான். பங்கு எழுதி வெச்சுக்கோணுமா?

சிநேகிதம் நீடிக்க வேண்டும் என்பதற்காகவே எழுத வேண்டும். குரல் பதிவு செய்யும் நாளிலேயே, பாட்டு வெளியாவதற்கு முன்பே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி வரிகள், இசை, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனிச் சொத்து. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் அது செல்லாது.

ஒரு மாதிரிக் கணக்கு. இசைக்கு 50, வரிக்கு 50. வரியில் முதல் ஆள் 16 பார், இரண்டாம் ஆள் 16, ஹூக் எழுதியவர் 8, ஆக 40 பார். அப்படியானால் 20, 20, 10. ஹூக் மூன்று முறை வருகிறதே என்று ஹூக் எழுதியவர் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து உருவாக்கிய பாட்டு என்றால் ஆளுக்கு 25 என்று போட்டுவிடுவதே நிம்மதி. ஒலிப்பதிவின் சொந்தம் இதிலிருந்து வேறு. ஸ்டுடியோ, மிக்ஸிங், வீடியோவுக்கு யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்த்து அதைத் தனியாக எழுதுங்கள். வரியும் இசையும் எழுதியவர்கள் 1969-ல் தொடங்கிய ஐபிஆர்எஸ் சங்கத்தில் சேர்ந்தால் மேடை, வானொலி வழியாக வரும் ராயல்டியை அது வசூலித்துத் தரும்.

பேரு போடறதுல சண்டை வருது. ‘ஃபீச்சரிங்’னு போட்டாப் போதாதா?

பாதிப் பாட்டைத் தோளில் சுமந்தவரை ஃபீச்சரிங் என்று போடுவது சரியில்லை. சமமாகச் செய்திருந்தால் இருவரையும் முதன்மைக் கலைஞராகப் பதியுங்கள், அப்போதுதான் இருவர் பக்கத்திலும் புதுப் பாட்டாகத் தோன்றும். ஒரு ஹூக் மட்டும் பாடியவருக்கு ஃபீச்சரிங் பொருந்தும். வெளியிடும் நிறுவனத்தின் படிவத்தில் ஒவ்வொருவரின் ஏற்கெனவே உள்ள கலைஞர் பக்க இணைப்பையும் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அதே பெயருள்ள வேறொருவர் பக்கத்தில் பாட்டுப் போய் உட்கார்ந்துவிடும். ஒலிப்பதிவுக்குரிய ஐஎஸ்ஆர்சி எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் எந்தத் தகராறிலும் அதுதான் அடையாளம்.

எங்க ஆள் ஒருத்தர் சாதிப் பேரை ஒரு வரியில வெக்கலாம்ங்கறாரு. வெக்கலாமா?

வேண்டாம். ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்காக உண்டாக்கிய கலையில், ஒதுக்குவதற்குப் பயன்பட்ட பெயரைப் பெருமையாகச் சொல்வது பொருந்தாது. உங்கள் பீட்டில் ஒலிக்கும் பறையை யார் எத்தனை காலம் எந்த இழிவோடு அடிக்க வைக்கப்பட்டார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். சட்டப்படியும் சிக்கல் வரும். சாதியை வைத்துப் பகை மூட்டும் பேச்சுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு இருக்கிறது. சாதிக் கொடுமையை எதிர்த்து எழுதுவது வேறு. அதை எழுதுங்கள், சேர்ந்து நிற்கும் நாலு பேரும் ஒத்துக்கொண்டு எழுதுங்கள்.

நல்லாப் போட்டோம், ஆனா கமெண்ட்ல ‘காப்பி’, ‘பொண்ணுக்கு எதுக்கு ராப்பு’ன்னு எழுதறாங்க. பதில் சொல்றதா?

வகை பிரியுங்கள். ‘வார்த்தை புரியல’ என்று பத்துப் பேர் எழுதினால் அது மிக்ஸ் பற்றிய உண்மையான செய்தி. வரிகளை விளக்கப் பகுதியில் போட்டு, அடுத்த பாட்டில் குரலைக் கூட்டுங்கள். ‘காப்பி’ என்றால் எந்தப் பாட்டு என்று கேளுங்கள். குத்தகை பீட்டாக இருந்தால் அதே பீட்டில் வேறு பாட்டு இருக்கத்தான் செய்யும், அதை மறைக்காமல் சொல்லுங்கள். பெண் ராப்பரை இழிவாகப் பேசினால் அவர் மட்டும் பதில் சொல்லும்படி விடாதீர்கள். கூடப் பாடிய ஆண்கள் பெயரில் பதில் வர வேண்டும், பதிவை நீக்குவதும் புகார் செய்வதும் குழுவின் வேலை.

எண்ணிக்கையைவிடப் பயன்படுவது யூடியூபின் பார்வை வரைபடம். இரண்டாம் ஆள் தொடங்கும் இடத்தில் கோடு சட்டென்று இறங்கினால் கைமாற்றம் சரியாக அமையவில்லை. அந்தாதி பற்றிய பதிலை மறுபடி பாருங்கள். காசு கொடுத்து வியூ வாங்குவதைத் தொடவே தொடாதீர்கள். பொய்யான ஓட்டம் கண்டுபிடிக்கப்பட்டால் பாட்டையே இறக்கிவிடுவார்கள். ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 முறை ஓடினால்தான் அந்தப் பாட்டுக்குப் பணமே கணக்காகும். உங்கள் ஊர்க்காரர்கள் ஆயிரம் பேரை உண்மையாகக் கேட்க வைப்பதையே முதல் இலக்காக வையுங்கள்.

ஊர் நோம்பியில பாடக் கூப்புடறாங்க. என்ன கொண்டுபோகோணும்?

லீட் குரல் நீக்கிய, ஹூக் குரல் மட்டும் உள்ள டிராக், இரண்டு பென் டிரைவில். ஒன்றில் வேவ், ஒன்றில் 320 எம்பி3. மேடையில் உங்கள் பக்கம் திரும்பிய ஒரு ஸ்பீக்கர் கட்டாயம் கேளுங்கள். மைதானத்தின் கோடியில் 34 மீட்டர் தள்ளியிருக்கும் பாக்ஸின் ஒலி உங்களிடம் வர 100 மில்லி விநாடி ஆகும். 90 வேகத்தில் ஒரு சிறு அடியே 167 மில்லி விநாடிதான், அதைக் கேட்டுப் பாடினால் தாளம் பின்னால் போய்விடும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள், ஊளையிடும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால் உங்கள் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், கெட்ட வார்த்தை இல்லாத வடிவம் ஒன்றைப் பழகி வையுங்கள்.

பாட்டுப் போட்ட மூணாம் நாளே யூடியூப்ல கிளெய்ம் விழுந்திருச்சு. நாங்க யாருதையும் திருடலீங்!

திருடாமலும் விழும். முதலில் யார் பெயரில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் என்றால் அது உங்கள் சொந்த உரிமையே உங்கள் சேனலைப் பிடித்தது. சேனல் முகவரியைக் கொடுத்து விலக்குக் கேட்டால் போதும். பழக்கமில்லாத பெயர் என்றால், அதே குத்தகை பீட்டை எடுத்த இன்னொருவர் அதைத் தன் சொத்தாகப் பதிந்திருக்கலாம். பீட் வாங்கிய ரசீதையும் உரிமக் கடிதத்தையும் வைத்து மறுப்புத் தெரிவியுங்கள். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. நீங்களும் அதே தவறைச் செய்யாதீர்கள். குத்தகை பீட்டிலோ பொதுவில் விற்கும் லூப்பிலோ செய்த பாட்டை, உரிமையைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் சேர்க்கக் கூடாது.

ஒருத்தன் பாதியில கோவிச்சுட்டுப் போயிட்டான். அவன் பகுதியை எடுத்துட்டுப் போட்டுடலாமா? இல்ல அவன் வாய்ஸோடயே போட்டுடலாமா?

அவர் எழுதிய வரி அவருடையது, பாடிய குரலின் மேலும் அவருக்கு உரிமை உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாரே என்பது உரிமை மாற்றம் ஆகாது. பங்கு பற்றிய பதிலில் சொன்ன தாள் இருந்தால் அதன்படி போங்கள். இல்லாவிட்டால் ‘இந்தப் பாட்டில் என் பகுதி வெளிவரச் சம்மதம், என் பெயரும் பங்கும் இவ்வளவு’ என்று இரண்டு வரி எழுதி வாங்கப் பாருங்கள். பொதுவான சிநேகிதர் ஒருவர் போய்ப் பேசினால் பெரும்பாலும் நடக்கும்.

சம்மதிக்காவிட்டால் எடுத்துவிட வேண்டியதுதான். 16 பார் போனால் பாட்டு 2 நிமிடம் 8 விநாடியாகும், அது குறையில்லை. ஆனால் அந்தாதியாகக் கோத்திருந்தால் அவர் சொல்லில் தொடங்கும் அடுத்த வரியும், அவருக்குப் பதிலாக எழுதிய வரிகளும் ஆளில்லாமல் நிற்கும். கைமாறும் இடத்தில் முன்னும் பின்னும் இரண்டு பாரையாவது புதிதாக எழுதிப் பாடி எடுங்கள். பழைய குரலை மட்டும் மௌனமாக்கிவிட்டு அப்படியே ஏற்றாதீர்கள், இரட்டிப்பு டிராக்கிலும் ரிவெர்ப்பிலும் அவர் குரல் மிச்சம் இருக்கும். அவர் பெயரில் வந்த ஃபைல்களை எல்லாம் புராஜெக்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, முதல் பாரிலிருந்து புதிதாக ஒருமுறை ஏற்றுமதி செய்து கேளுங்கள்.